விண்வெளிப் பேரரசு கேமுக்கு வந்த குறைகளில் எதை முதலில் திருத்துவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னை வேளச்சேரியில் நீங்கள் நால்வர் சேர்ந்து, டர்ன் முறையில், அதாவது முறை வைத்து ஆடும் விண்வெளிப் பேரரசு கேம் ஒன்றைச் செய்கிறீர்கள். சோதனைப் பதிப்பை நாற்பது பேரிடம் கொடுத்துக் கருத்து கேட்டிருக்கிறீர்கள். 150ஆவது டர்னுக்கு மேல் அலுக்கிறது, பெரிய படை வைத்திருப்பவர்தான் எப்போதும் ஜெயிக்கிறார், எதிர்ப் பேரரசுகளை நடத்தும் ஏஐ மடத்தனமாக ஆடுகிறது, கடைசிப் பகுதியில் லேப்டாப் திணறுகிறது, தமிழில் வேண்டும் என்பவை திரும்பத் திரும்ப வந்த குறைகள். கூடவே யோசனைகளும் வந்திருக்கின்றன: இன்னும் பத்து வகைக் கப்பல் கொடுங்கள், போரைக் கையால் நடத்த விடுங்கள், மல்ட்டிப்ளேயர் (பலர் சேர்ந்து ஆடும் வசதி) சேர்த்துக் கொடுங்கள். இவற்றில் எதைச் சேர்ப்பது என்று கேட்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை உங்கள் உண்மையான சிக்கல் அதற்கு ஒரு படி முந்தியது. வந்த கருத்துகளில் எது வலிக்கும் இடம், எது ப்ளேயர்களே எழுதிக்கொண்ட மருந்துச் சீட்டு என்று பிரிக்காமல் பட்டியலை அப்படியே கையில் வைத்திருக்கிறீர்கள்.

வலிக்கும் இடத்தைச் சொல்வதில் ப்ளேயர்கள் பெரும்பாலும் தவறுவதில்லை. மருந்தில்தான் தவறுகிறார்கள், அது அவர்கள் குற்றமும் அல்ல. உள்ளே எந்தக் கணக்கு ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. "இன்னும் பத்து வகைக் கப்பல் வேண்டும்" என்று ஒருவர் எழுதினால், இப்போது இருக்கும் ஐந்து வகைகளுக்குள் போரில் வித்தியாசமே தெரியவில்லை என்று படியுங்கள். அந்த நிலையில் பத்து வகை சேர்த்தால் வித்தியாசம் தெரியாத பதினைந்து வகை கிடைக்கும். "போரைக் கையால் நடத்த விடுங்கள்" என்பதற்குள், "நான் தோற்றது ஏன் என்று எனக்குக் காட்டவே இல்லை" என்ற குறை அடிக்கடி ஒளிந்திருக்கும். ஆகவே உங்கள் ஷீட்டில் ஒவ்வொரு கருத்தையும் மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: என்ன வலித்தது, என்ன மருந்து கேட்டார், எந்த டர்னில் வலித்தது. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அவரிடமே திரும்பிக் கேளுங்கள். "என்ன சேர்க்கலாம்?" என்ற கேள்வியைவிட "எந்த டர்னில் மூடி வைத்தீர்கள், அப்போது திரையில் என்ன இருந்தது?" என்ற கேள்வி பத்து மடங்கு பயன் தரும்.

ஒரு எச்சரிக்கை. நீளமாகக் கருத்து எழுதியவர்கள் எல்லாரும் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள். 40ஆவது டர்னிலேயே விட்டுப்போனவர் பெரும்பாலும் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார். அவருடைய கருத்து ஷீட்டில் இருக்காது, லாகில், அதாவது கேம் தானாக எழுதிக்கொள்ளும் பதிவில்தான் இருக்கும். அதனால் அடுத்த பதிப்பில் ஒரு டர்னுக்கு ஒரு வரி பதிவாகட்டும்: ப்ளேயர் அந்த டர்னில் எத்தனை வினாடி இருந்தார், கணினி எத்தனை வினாடி எடுத்தது, எத்தனை கிளிக், வந்த அறிவிப்புகளில் எத்தனையை ஒன்றும் செய்யாமல் மூடினார், மொத்த விண்மீன் மண்டல உற்பத்தியில் முதலிடப் பேரரசின் பங்கு எத்தனை சதவீதம். நாற்பது பேர் ஆளுக்கு 300 டர்ன் ஆடினாலும் 12,000 வரிதான், சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் போதும். பெயர், மின்னஞ்சல் எதுவும் அதில் வேண்டாம். ஆளுக்கு ஓர் எண் இருந்தால் போதும், பதிவாகிறது என்பதை முதலிலேயே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

இனி பெரிய குறைக்கு வருகிறேன். 150ஆவது டர்னுக்கு மேல் அலுப்பு என்பது இந்த வகை கேம்களின் பரம்பரை நோய். 1993இல் மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற விண்வெளிப் பேரரசு கேம் வந்தபோது ஆலன் எம்ரிச் என்ற விமர்சகர் இந்த வகைக்கு 'ஃபோர் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். 'எக்ஸ்' ஒலியோடு தொடங்கும் நான்கு ஆங்கிலச் சொற்கள் அவை: தேடு, பரவு, சுரண்டு, அழி. முதல் இரண்டும் விறுவிறுப்பானவை. பின்னிரண்டில் எண்ணிக்கை ஏறுகிறது, ஆனால் முடிவெடுக்கும் வேலை ஏறுவதில்லை. அலுப்பு, பெரிய படை, ஏஐ, திணறல் என்று நான்கு குறைகள் தனித்தனியாக வந்திருந்தாலும், நான்கிலும் இந்த ஒரே வேர் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கணக்கைப் பாருங்கள். ஒரு பேரரசு டர்னுக்கு 3% வளர்கிறது, இன்னொன்று 2.5% என்று வைத்துக்கொள்வோம். 100ஆவது டர்னில் முதலாவது தொடக்கத்தைப்போல 19 மடங்கு, இரண்டாவது 12 மடங்கு. இன்னும் துரத்திப் பிடிக்கலாம். 200ஆவது டர்னில் 369 மடங்கும் 140 மடங்கும். இடைவெளி 2.6 மடங்கு ஆகிவிட்டது, ஆட்டம் முடிந்துவிட்டது, திரை மட்டும் ஓடுகிறது. அரை சதவீத வித்தியாசம் செய்யும் வேலை இது. மறுபக்கம் கைவேலையைப் பாருங்கள். 5 குடியிருப்பு, ஒவ்வொன்றுக்கும் 3 முடிவு, முடிவுக்கு 10 வினாடி என்றால் ஒரு டர்ன் இரண்டரை நிமிடம். 40 குடியிருப்பு வந்ததும் அதுவே 20 நிமிடம். ஆனால் நாற்பதில் ஒரு குடியிருப்பில் எடுக்கும் முடிவு பேரரசை நாற்பதில் ஒரு பங்குதான் அசைக்கும். எட்டு மடங்கு நேரம் போட்டு எட்டில் ஒரு பங்கு பலன். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து முக்கால் மணி நேரம் ஆடலாம் என்று உட்காருபவருக்கு இரண்டு டர்ன்தான் கிடைக்கும்.

வளர்ச்சியை அடக்க ப்ளேயர்கள் சொல்லும் மருந்து, முதலிடத்தில் இருப்பவருக்குத் தண்டனை. அதைச் செய்யாதீர்கள், நன்றாக ஆடியதற்கு அபராதம் என்றே ப்ளேயருக்குத் தோன்றும். அளவோடு சேர்ந்து ஏறும் செலவு நல்ல வழி. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஆராய்ச்சிச் செலவு 2% கூடும் என்று வைத்தால், 10 குடியிருப்பின் பயன் 8.3 குடியிருப்புக்குச் சமம், 50இன் பயன் 25க்குச் சமம், 100இன் பயன் 33க்குச் சமம். பரவுவது எப்போதும் லாபம்தான், ஆனால் பத்து மடங்கு பரவினால் நான்கு மடங்குதான் முன்னேற்றம். முந்தியவர் பனிப்பந்துபோல உருண்டு உருண்டு பெருப்பதை இந்த வகைச் செலவு நிறுத்தாது, மெதுவாக்கும். நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. 2% என்பது என் தொடக்க எண் மட்டுமே. உங்கள் கேமுக்கு 1% சரியா 3% சரியா என்று எழுத்தில் பார்த்துச் சொல்ல முடியாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். திரை இல்லாமல் ஏஐ மட்டும் தனக்குள் ஆடும் முறை ஒன்றை எழுதி இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: 100 ஆட்டம் ஓட்டி ஓர் இனம் 50% ஜெயிக்கிறது என்று வந்தால் அந்த எண்ணில் பத்து புள்ளி இப்படியோ அப்படியோ பிழை இருக்கும். 400 ஆட்டம் ஓட்டினால்தான் அது ஐந்து புள்ளியாகக் குறையும். இருபது ஆட்டம் ஓட்டிவிட்டு எண்ணை மாற்றுவது நாணயம் சுண்டிப் பார்ப்பதுபோலத்தான். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே விதை எண்களில் (எந்த எண்ணிலிருந்து வரைபடம் உருவாகிறதோ அந்த எண்களில்) உருவான வரைபடங்களில் ஒப்பிடுங்கள், வரைபட அதிர்ஷ்டம் கணக்கில் கலக்காது.

முடிந்துபோன ஆட்டத்தை முடித்துவைக்கவும் ஒரு கதவு வேண்டும். மாஸ்டர் ஆஃப் ஓரியன் 1993லேயே இதைச் செய்தது. மண்டலப் பேரவை கூடும், மக்கள்தொகைக்கு ஏற்ப வாக்கு, மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் வெற்றி. மீதிக் கோள்களை ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்கும் அறுபது டர்ன் மிச்சம். உங்கள் லாகில் எந்தப் பங்கைத் தாண்டியவர் அதற்குப் பிறகு அநேகமாகத் தோற்றதே இல்லை என்று பாருங்கள், அந்த எண்ணில் பேரவையைக் கூட்டுங்கள். வேண்டாம், தொடர்ந்து ஆடுகிறேன் என்பவருக்கு அந்த வசதியும் இருக்கட்டும்.

கிளிக் சுமைக்கு, கோள்களைத் தானே நிர்வகிக்கும் ஆளுநர் ஏஐ வைத்துவிடலாம் என்று உங்கள் பட்டியலில் இருக்கிறது. இங்கே ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளிப் பேரரசு கேம் பட்ட பாட்டைப் படியுங்கள். 2016 மே மாதம் வெளியானபோது, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட கோள்களை செக்டர் என்ற தானியங்கி நிர்வாகத்திடம் ஒப்படைத்தே ஆக வேண்டியிருந்தது. அது ப்ளேயர் விரும்பாததைக் கட்டியது, கட்டியதை இடித்தது, மனக்கசப்பு நெடுநாள் இருந்தது. தன் வேலையைத் தன்னைவிட மோசமாகச் செய்யும் உதவியாளரை யாரும் விரும்புவதில்லை. ப்ளேயரே எழுதும் டெம்ப்ளேட், அதாவது மாதிரித் திட்டம்தான் வேலைக்காகும். "சுரங்கக் கோள்" என்று ஒருமுறை கட்டட வரிசை எழுதி வைப்பார். புதுக் குடியிருப்பு அமைந்ததும் எந்த டெம்ப்ளேட் என்ற ஒரே கேள்வி வரும். பிறகு அந்தக் கோள் வாயைத் திறக்க வேண்டியது மூன்று சமயத்தில் மட்டும்: வரிசை முடிந்தது, பற்றாக்குறை வந்தது, கலகம் வெடித்தது. அறிவிப்புகளுக்கு என் அளவுகோல், பத்தில் எட்டு முறை ப்ளேயர் ஒன்றும் செய்யாமல் மூடும் அறிவிப்பு திரையின் நடுவே வரக்கூடாது, ஓரப் பட்டியலுக்குப் போக வேண்டும்.

பெரிய படைக் குறை இந்தப் பட்டியலிலேயே சுவையானது, ஏனென்றால் அது கணிதம். முதல் உலகப் போர்க் காலத்தில் ஃப்ரெட்ரிக் லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சொன்ன வர்க்க விதி இது: எல்லாரும் எல்லாரையும் சுடக்கூடிய போரில் படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறும். ஒரே மாதிரிக் கப்பல் 100, எதிரே 60 என்றால், 40 தான் மிஞ்சும் என்று மனம் சொல்லும். விதியின்படி மிஞ்சுவது 100இன் வர்க்கத்திலிருந்து 60இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது, அதாவது 80. தோற்றவர் அறுபதையும் இழக்கிறார், ஜெயித்தவர் இருபதை மட்டும். இன்னும் கொடுமை, அந்த அறுபதை முப்பது முப்பதாக இரண்டு தடவை அனுப்பினால் எதிரிக்கு 90க்கு மேல் மிஞ்சும். ஆகவே எல்லாக் கப்பலையும் ஒரே மூட்டையாகக் கட்டி நகர்த்துவது உங்கள் விதிகளுக்குள் மிகச் சரியான ஆட்டம். ப்ளேயர்கள் அதைக் கண்டுபிடித்ததற்காக அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, விதியைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்ற மூன்று வழி இருக்கிறது. முதலாவது, போர் முகப்புக்கு வரம்பு. ஒரு பக்கத்தில் ஒரே நேரத்தில் 30 கப்பல்தான் சுடலாம், மீதி பின்னால் காத்திருந்து விழுந்த இடத்தை நிரப்பும் என்றால், அதே 100க்கு எதிரே 60 போரில் மிஞ்சுவது 80க்குப் பதில் 55. பெரிய படை ஜெயிக்கிறது, ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல். இரண்டாவது, சிறிய பக்கத்துக்குச் சுடும் வேகத்தில் சலுகை. ஸ்டெல்லாரிஸ் 2018இன் 2.0 பதிப்பில் இதைக் கொண்டுவந்தது, ஒரு கப்பற்படையின் அளவுக்கும் அப்போதே வரம்பு வைத்தது. மூன்றாவது, ஒரே விண்மீனில் 40 கப்பலுக்கு மேல் நின்றால் மிகுதிக்கு இரட்டைப் பராமரிப்புச் செலவு. நான் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன். ப்ளேயர் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியது அது, சிறிய பக்கத்துக்கு மறைமுகச் சலுகை கொடுத்தால், "என் பெரிய படை ஏன் இத்தனை இழந்தது?" என்று புதுக் குறை வரும். எந்த வழியானாலும் போர் முடிந்ததும் ஒரு பக்க அறிக்கை காட்டுங்கள். எந்த ஆயுதம் எவ்வளவு சேதம் செய்தது, கேடயம் எவ்வளவு தடுத்தது, எத்தனை குண்டு வீணானது. கையால் நடத்த விடுங்கள் என்ற கோரிக்கை பாதி அதோடு அடங்கும் என்று நினைக்கிறேன், உறுதி என்று சொல்ல மாட்டேன்.

முகப்பு வரம்பு வரைபடத்தோடு சேர்ந்தால்தான் பிரித்து அனுப்புவதற்குக் காரணம் கிடைக்கும். சென்னையின் கத்திப்பாரா சந்திப்பு அடைத்தால் கிண்டியும் ஆலந்தூரும் வடபழனிப் பக்கமும் சேர்ந்து நிற்பதுபோல, எந்த விண்மீனை எடுத்தால் மண்டலம் இரண்டாகப் பிரியுமோ அதுதான் கோட்டை கட்டத் தகுந்த இடம். வரைபடம் உருவாகும்போதே இந்தக் கணுக்களை எண்ணிப் பாருங்கள், ஆயிரம் விண்மீனானாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் கணக்கு. ஒன்றுமே இல்லாத வரைபடத்தில் தற்காப்புக்கு அர்த்தமில்லை. எல்லாமே கத்திப்பாராவாக இருக்கும் வரைபடத்தில் போர் ஒரே இடத்தில் உறைந்துபோகும். ஒவ்வொரு பேரரசுக்கும் இரண்டு மூன்று வாசல் இருந்தால் படையைப் பிரிக்க வேண்டிய கட்டாயம் தானாக வரும். ஸ்டெல்லாரிஸ் தொடக்கத்தில் மூன்று விதமான விண்பயணம் வைத்திருந்தது, அதே 2.0இல் தொடக்கநிலைப் பயணத்தை வழித்தடங்களுக்குள் மட்டும் அடக்கியது. அன்று எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆனாலும் எல்லை என்ற சொல்லுக்கு அந்த கேமில் பொருள் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஏஐ மடத்தனத்தில் பெரும்பகுதி மேலே சொன்ன வர்க்க விதியை அது அறியாததுதான். கப்பல் கட்டி முடிந்ததும் ஒவ்வொன்றாகப் போர்முனைக்கு அனுப்பினால் அது எப்போதும் தோற்கும். ஓர் ஒன்றுகூடும் இடம் வையுங்கள், அங்கே சேர்ந்த வலிமை எதிரியின் மதிப்பிட்ட வலிமையைப்போல 1.3 மடங்கு ஆகும்வரை நகரக்கூடாது. வலிமையைக் கப்பல் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். ஒரு கப்பலின் சேதத்தையும் உயிரையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து அதை எண்ணிக்கையால் பெருக்குங்கள். சேதம் 4, உயிர் 9 உள்ள 50 கப்பலும், சேதம் 9, உயிர் 16 உள்ள 25 கப்பலும் இந்தக் கணக்கில் சரிசமம், இரண்டுக்கும் 300. உங்கள் போர் நிரல் இந்த இரண்டையும் மோதவிட்டு ஏறக்குறைய சமனாக முடிக்கவில்லை என்றால், குண்டு வீணாகும் அளவோ இலக்குத் தேர்வோ கணக்கைச் சாய்க்கிறது என்று பொருள். அதைத் தேடிப் பிடியுங்கள்.

மடத்தனமாகத் தெரிவது எல்லாம் மடத்தனமும் அல்ல. காரணம் தெரியாத செயல் மடத்தனமாகவே தெரியும். உங்களுக்காக, ஏஐ எடுக்கும் ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் ஒரு வரி லாக்: தேர்ந்தெடுத்தது, அடுத்த இரண்டு வாய்ப்புகள், மூன்றின் மதிப்பெண். பிழை தேடுவதில் இதைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியவில்லை. ப்ளேயருக்காக, உறவுத் திரையில் காரணங்களை எண்ணோடு காட்டுங்கள்: எல்லை உரசல் 20 குறைவு, வணிக ஒப்பந்தம் 10 கூடுதல் என்று. கடினநிலைக்கு ஏஐக்குச் சலுகை கொடுப்பது தவறில்லை. சிவிலைசேஷன் 6 என்ற கேமின் உச்சக் கடினநிலையில் ஏஐ நாடுகள் மூன்று குடியேற்றக் குழுக்களோடு தொடங்கும், நமக்கு ஒன்றுதான். அது வெளிப்படையாகத் தெரிந்த விஷயம். ஆனால் சலுகையை வளர்ச்சி விகிதத்தில் வைக்காதீர்கள், மேலே பார்த்த 3 சதவீத, 2.5 சதவீதக் கணக்கு அங்கேயும் வேலை செய்து 200ஆவது டர்னில் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். டர்ன் வருமானத்தில் நிலையான ஒரு கூடுதலாக வையுங்கள்.

திணறலுக்கு முதல் விதி, ஊகிக்காதீர்கள், ப்ரொஃபைலர் (நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் கருவி) போட்டு அளவெடுங்கள். 250ஆவது டர்னில் சேமித்த ஆட்டம் ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொண்டு கேமின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் அதில் ஓட்டுங்கள். குழுவின் கணினிகளில் அல்ல. சென்னை ரிச்சி தெருவில் 8 ஜிபி நினைவகமும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததுமான பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி அதில் அளவெடுங்கள். இருபது நிமிடம் ஓடவிட்ட பிறகு எடுக்கும் அளவுதான் உண்மை அளவு. சூடேறியதும் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திர வெயிலில் ஏசி இல்லாத அறையில் உங்கள் ப்ளேயர் ஆடப்போவது அந்த வேகத்தில்தான்.

இந்த வகை கேமில் குற்றவாளி பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கு. 100 கோள், கோளுக்கு 60 மக்கள் அலகு, ஒவ்வொன்றும் 12 வேலைகளில் எது சிறந்தது என்று பார்த்தால் ஒரு டர்னுக்கு 72,000 ஒப்பீடு. இதை ஏஐ பேரரசுகள் தங்கள் திட்டத்துக்காகத் திரும்பத் திரும்பச் செய்தால் லட்சங்களில் போகும். மாறாத கோளை டர்ன்தோறும் தொடாதீர்கள். கட்டடமோ மக்கள்தொகையோ மாறினால் மட்டும் அந்தக் கோளுக்குக் கொடி உயர்த்தி உடனே கணக்கிடுங்கள். மற்றவற்றை 30 டர்ன்களுக்குப் பங்கிட்டால் டர்னுக்கு 2,400 தான். ஒரே வகை மக்களைத் தனித்தனி அலகாக வைக்காமல் கூட்டமாக வைப்பது அடுத்த படி. ஸ்டெல்லாரிஸ்கூட மக்கள் அலகுகளின் சுமையோடு பல ஆண்டு போராடிவிட்டு 2025இன் 4.0 பதிப்பில் கூட்டங்களுக்கு மாறியது. நீங்கள் இன்னும் வெளியிடவில்லை, இப்போதே மாறிவிடலாம். வழி தேடலுக்கு, ஆயிரம் விண்மீன்களுக்கும் இடையிலான தூரத்தை ஒருமுறை கணக்கிட்டு வைத்தால் பத்து லட்சம் எண், எண்ணுக்கு 2 பைட் என்றால் 2 எம்பி. புதிய வாயில் திறந்தால் மட்டும் அதைப் புதுப்பியுங்கள். மல்ட்டித்ரெட் போடுங்கள், அதாவது வேலையைச் செயலியின் பல கோர்களுக்குப் பிரித்து ஒரே நேரத்தில் செய்யுங்கள் என்று எழுதியிருக்கும் ப்ளேயருக்குப் பதில்: டர்ன் கணக்கில் 60% ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க வேண்டியது என்றால், எத்தனை கோர் இருந்தாலும் 1.67 மடங்குக்கு மேல் வேகம் ஏறாது. முதலில் அந்த 60 சதவீதத்தைக் குறையுங்கள், த்ரெட் பிறகு.

தமிழ்ப் பதிப்பைப் பட்டியலின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பு கடைசியில் வரட்டும், எழுத்துக் காட்டும் வேலை இன்றே தொடங்க வேண்டும். எழுத்துக் கோவை செய்யும் (எழுத்தையும் உயிர்க்குறியையும் சரியாகச் சேர்த்து வரையும்) நிரல் நூலகம் இல்லாத கேம் எஞ்சினில் "கொ" உடைந்து தெரியும், "கு" பிரிந்து நிற்கும். யூனிட்டி எஞ்சினின் எழுத்துக் காட்டும் பகுதியான டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் இது தெரிந்த சிக்கல். 2023இல் வந்த கோடோ 4 எஞ்சினில் அத்தகைய நூலகமான ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் சரியாக வரும். "கொடு, கூட்டு, தீ, பௌர்ணமி, ஸ்ரீ" என்று ஒரு வரி எழுதி எல்லாத் திரையிலும் காட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கோளின் பெயருக்கு 12 குறியீட்டு எண் (கணினி எழுத்தையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாகச் சேமிக்கும் எண்) என்று வரம்பு வைத்திருந்தால், ஒருவர் ஆசையாகத் திருவல்லிக்கேணி என்று பெயர் வைக்கும்போது அது "திருவல்லிக்க" என்று அறுந்துபோகும். கண்ணுக்கு எட்டு எழுத்து, உள்ளே பதினைந்து குறியீடு. வரம்பைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் வையுங்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றும் எழுத்தோட்டத்துக்கும் இதே விதி.

இன்னொன்று வாக்கிய அமைப்பு. பெயருக்கான இடத்தை விட்டுவிட்டுப் பின்னால் "ஐ" ஒட்டினால் தமிழ் ஆகாது. எழும்பூரை, வேளச்சேரியை, அடையாற்றை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திரியும். பெயர் எழுவாயாகவே நிற்கும்படி வாக்கியத்தைத் திருப்புங்கள்: "அடையாறு தாக்கப்பட்டது", "இலக்கு: எழும்பூர்" என்று. தலைவர்களுக்கு "வந்தார்" என்றே வையுங்கள், ஆண் பெண் சிக்கல் தீரும், மரியாதையும் கெடாது.

மீதமிருப்பவை பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியாது. போரைக் கையால் நடத்துவது நால்வர் குழுவுக்கு இன்னொரு கேம் செய்வதற்குச் சமம், அதன் ஏஐ தனி, அதன் சமநிலை தனி. வேண்டாம் என்பது என் சாய்வு. அது கேமுக்குக் கெடுதல் என்று நான் நிரூபிக்கவில்லை. மல்ட்டிப்ளேயர் இப்போது வேண்டாம், ஆனால் ஒரே விதையும் ஒரே கட்டளைகளும் கொடுத்தால் ஒரே முடிவு வரும்படி நிரலை இப்போதிருந்தே எழுதுங்கள். டர்ன் கணக்கில் தசமப் புள்ளி எண்ணுக்குப் பதில் முழு எண், ஒரே ஓர் எழுந்தமான (ரேண்டம்) எண் உற்பத்தி, வரிசை உறுதியில்லாத பட்டியலைச் சுற்றிவராதது ஆகிய மூன்றும் அதற்கு அடிப்படை. இது ஏஐ தனக்குள் ஆடும் சோதனைக்கும் பிழையைத் திரும்ப வரவழைக்கவும் இப்போதே பயன்படும்.

வரிசை என்று கேட்டால், லாக் ஒரு வாரம், பிறகு மக்கள்தொகைக் கணக்கும் வழி அட்டவணையும், பிறகு டெம்ப்ளேட், பிறகு போர் முகப்பும் ஏஐ ஒன்றுகூடலும் சேர்த்து, ஏனென்றால் ஒன்றை மாற்றினால் மற்றதன் எண்கள் செல்லாது, அதன் பிறகே 2% போன்ற வளர்ச்சி எண்கள். ஒரு சோதனைச் சுற்றுக்கு இந்த வரிசையில் ஒரு படி மாற்றம்தான். இரண்டைச் சேர்த்து அனுப்பினால் எது உதவியது என்று பிரிக்க முடியாது. முந்தைய நாற்பது பேர் இனி புதியவர்கள் அல்ல, திரைகள் எல்லாம் பழகிவிட்டன. எனவே கேமைப் பார்த்தே இராத பத்துப் பேரை இப்போதே ஒதுக்கி வையுங்கள். அவர்களுக்கு டிரெய்லர்கூடக் காட்டாதீர்கள். டெம்ப்ளேட் பதிப்பு தயாரானதும் ஐந்து பேருக்கும், போர் மாற்றம் முடிந்ததும் மற்ற ஐந்து பேருக்கும் கொடுங்கள்.